மொன்றியலில் முதல் பனிக்காலம்: காரை எங்கே விடுவது, பனியை எங்கே தள்ளுவது

ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் சொன்ன புத்திமதியை மட்டும் நம்பி மொன்றியலில் பனிக்காலத்தைத் தொடங்காதீர்கள். விழுவது ஒரே பனிதான். ஆனால் அங்கே பெரும்பாலும் அதை வீதியோரம் ஒதுக்கிவிட்டுப் போவார்கள். இங்கே ஒவ்வொரு பெரிய பனிக்குப் பிறகும் தெருத் தெருவாக அள்ளி, லொறியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அந்த லொறி வருகிற நேரத்தில் உங்கள் கார் வீதியோரத்தில் நிற்கக்கூடாது. இந்த நகரத்தின் குளிர்காலப் பார்க்கிங் விதிகளில் முக்கால்வாசி இந்த ஒரு காரணத்தால் வந்தவை. அது பிடிபட்டுவிட்டால் விதிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

ஒரு குளிர்காலத்தில் இங்கே ஏறக்குறைய 2 மீற்றர் பனி விழும். வீதி, நடைபாதை, சைக்கிள் பாதை எல்லாம் சேர்த்து நகரம் துப்புரவாக்க வேண்டிய நீளம் சுமார் 10,000 கிலோமீற்றர். நம்மவர்கள் பலர் வந்து குடியேறிய கோட்-டெ-நேஜ் பகுதியின் பெயருக்கே ‘பனிச் சரிவு’ என்றுதான் பொருள். பெயரிலேயே எச்சரிக்கை வைத்திருக்கிறார்கள், நாம்தான் கவனிப்பதில்லை.

நவம்பருக்குள் முடிக்க வேண்டியவை

முதல் வேலை டயர். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை, கியூபெக்கில் பதிவான கார்களுக்கு விண்டர் டயர் சட்டப்படி கட்டாயம். ‘ஓல் சீசன்’ டயர் கணக்கில் வராது. டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லாமல் பிடிபட்டால் 200 முதல் 300 டொலர் வரை அபராதம், அதற்கு மேல் செலவுத்தொகை வேறு. ஒன்ராறியோவில் இப்படி ஒரு கட்டாயம் கிடையாது. அதனால் அங்கே மலிவாகப் பழைய கார் வாங்கி வருபவர்கள் நான்கு டயருக்கும் சேர்த்தே விலையைக் கணக்குப் பாருங்கள். சட்டம் டிசம்பர் என்று சொன்னாலும், நவம்பர் கடைசியில் எந்தக் கராஜிலும் இலேசில் நாள் கிடைக்காது. ஒக்டோபரிலேயே பதிந்துவிடுவது புத்திசாலித்தனம். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போகும்போதே சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்கிவிடும்.

அடுத்து சாமான்கள். பனி அள்ளும் சவல் இரண்டு வாங்குங்கள்: வீட்டு வாசலுக்குப் பெரியது ஒன்று, காரின் டிக்கிக்குள் சிறியது ஒன்று. ஒரு முனையில் பிரஷ், மறுமுனையில் ஐஸ் சுரண்டும் தகடு உள்ள நீளமான கம்பு ஒன்று. கண்ணாடி கழுவும் திரவம் மைனஸ் 40 வரை உறையாத வகையாக இருக்கட்டும். கோடையில் ஊற்றியது மிச்சம் இருந்தால் அதைத் தீர்த்துவிட்டு ஊற்றுங்கள். சில்லு சுழன்றுகொண்டே நின்றால் அடியில் போடுவதற்கு ஒரு சிறு மூட்டை மணல். பூனை வளர்ப்பவர்கள் வாங்கும் மணல் மூட்டையே போதும், நான் இத்தனை வருடமும் அதைத்தான் வைத்திருக்கிறேன், பூனை இல்லாமலே.

சொந்த டிரைவ்வே உள்ள வீடு என்றால், பனி அள்ளும் ஒப்பந்தக்காரர்கள் இலையுதிர் காலத்திலேயே கதவைத் தட்டுவார்கள். வாய்ப்பேச்சில் முடிக்காதீர்கள். எத்தனை சென்ரிமீற்றர் விழுந்தால் வருவார், பனி நின்று எத்தனை மணி நேரத்துக்குள் வருவார், அள்ளியதை எங்கே போடுவார், எந்தத் திகதி வரை வருவார் என்ற நான்கும் தாளில் இருக்கட்டும். முழுப் பணத்தையும் முற்கூட்டியே கொடுக்காமல் தவணையாகக் கொடுங்கள். நவம்பரில் வாசல் விளிம்புகளில் குச்சி நட்டுவிட்டுப் போவது அவர்கள்தான், பிடுங்கி எறியாதீர்கள். பனி மூடிய பிறகு எது புல், எது தார் என்று டிராக்டர்காரருக்கு அந்தக் குச்சிதான் காட்டும்.

‘டெம்போ’ போடுங்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் திகைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் இருந்து வந்த நண்பர் ஒருவர் சாமான் ஏற்றும் வண்டி என்று நினைத்து, எதற்கு என்று கேட்டாராம். இங்கே டெம்போ என்பது டிரைவ்வேயில் காரின் மேல் கட்டும் வெள்ளைக் கூடாரம். எந்தத் திகதியில் கட்டலாம், எப்போது கழற்ற வேண்டும் என்பதை உங்கள் பகுதி நிர்வாகம் தீர்மானிக்கும். மொன்றியலில் ‘பரோ’ எனப்படும் பகுதி நிர்வாகங்கள் 19 இருக்கின்றன, சின்ன விதிகள் பரோவுக்குப் பரோ மாறும்.

பனி விழத் தொடங்கியதும் நகரம் என்ன செய்கிறது

முதலில் உப்பு அல்லது கற்பொடி தூவுவார்கள். உப்பு ஏறக்குறைய மைனஸ் 15 பாகை வரைதான் உருப்படியாக வேலை செய்யும். அதற்குக் கீழே போனால் வழுக்காமல் இருக்கக் கற்பொடிதான். 2.5 சென்ரிமீற்றர் அளவில் சேர்ந்ததும் தள்ளும் வண்டிகள் இறங்கும். வீதியின் நடுவில் உள்ள பனியை ஓரத்துக்குத் தள்ளுவார்கள். நடைபாதையில் குட்டியான ஒரு இயந்திரம் சங்கிலிச் சில்லோடு ஓடும். அது வருகிற வேகத்தைப் பார்த்தால் நீங்களே ஒதுங்கிவிடுவீர்கள்.

இந்தக் கட்டத்தில்தான் புதிதாக வந்தவர்களுக்குக் கோபம் வரும். ஒரு மணி நேரம் பாடுபட்டு வாசலைத் துப்புரவாக்கியிருப்பீர்கள். தள்ளும் வண்டி வந்து, முழங்கால் உயரத்துக்கு ஒரு வரம்பைக் கட்டிவிட்டுப் போகும். வரம்பு என்றால் உண்மையான வரம்பு, இறுகிப்போன கட்டிப் பனி. அதை அள்ளுவதும் உங்கள் வேலைதான். திட்டிப் பயனில்லை. வண்டி கடந்து போகும் வரை வாசலின் கடைசி இரண்டு அடியை அப்படியே விட்டுவையுங்கள்.

அப்புறம்தான் மூன்றாவது கட்டம். பொதுவாக 10 முதல் 15 சென்ரிமீற்றர் சேர்ந்தால், அள்ளி ஏற்றும் வேலையை நகரம் அறிவிக்கும். பெரிய வீதிகள், பஸ் ஓடும் பாதைகள், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடச் சுற்றுப்புறங்கள் முதலில். நம்முடைய குடியிருப்புத் தெரு கடைசியில். 20 சென்ரிமீற்றர் அளவு விழுந்தால் நகரம் முழுவதும் முடிக்க நான்கைந்து நாள் எடுக்கும். 2025 பெப்ரவரி நடுப்பகுதியில் நான்கு நாளுக்குள் இரண்டு புயல் வந்து 70 சென்ரிமீற்றருக்கு மேல் கொட்டியபோது, ஒரு வாரம் கடந்தும் அள்ளி முடியவில்லை.

ஆகவே பனி கொட்டுகிற இரவில் கார் வீதியில் நிற்பது பெரிய சிக்கல் இல்லை. வானம் வெளுத்து, வெயில் அடித்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கிற மூன்றாம் நாளில்தான் காரை இழுத்துக்கொண்டு போவார்கள்.

செம்மஞ்சள் பலகையைப் படிப்பது

உங்கள் தெருவின் முறை வருவதற்குச் சில மணி நேரம் முன்னால், வீதியோரப் பனிமேட்டில் செம்மஞ்சள் நிறத் தற்காலிகப் பலகைகளைக் குத்திவிட்டுப் போவார்கள். பார்க்கிங் தடைக் குறியும் நேரமும் அதில் இருக்கும். நேரம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: 7 முதல் 19 வரை, அல்லது 19 முதல் 7 வரை. இது 24 மணிக் கணக்கு. 19 என்றால் இரவு ஏழு மணி.

இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. என்னுடைய முதல் குளிர்காலத்தில் ‘19 – 7’ என்ற பலகையைப் பார்த்தேன். கண்ணில் பட்டது 7 மட்டும். நாளைக் காலை ஏழு மணியில் இருந்துதானே, எழும்பி எடுக்கலாம் என்று படுத்துவிட்டேன். இரவு இரண்டு மணி போல ஒரு சைரன், இரண்டு சுருதியில் மாறி மாறிக் கத்தியது. யாருக்கோ அம்புலன்ஸ் வந்திருக்கிறது, பாவம் என்று நினைத்துப் புரண்டு படுத்தேன். காலையில் போய்ப் பார்த்தால் கார் நின்ற இடத்தில் தார்றோட்டு கறுப்பாகப் பளபளத்துக் கிடந்தது. அந்தப் பாவம் நான்தான்.

அந்தச் சைரன் இழுவை வண்டியுடையது. பனியை உறிஞ்சி லொறிக்குள் வீசும் பெரிய இயந்திரத்துக்கு முன்னால் அது வரும். சைரன் கேட்டால் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். பைஜாமாவோடு, சப்பாத்துக்குள் காலைத் திணித்துக்கொண்டு ஓடுகிறவர்களை இந்த ஊரில் யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. ஆனால் சைரனை நம்பி இருக்காதீர்கள். இரட்டைக் கண்ணாடி ஜன்னலும் ஹீட்டர் சத்தமும் சேர்ந்தால் கேட்காமலே போகலாம்.

நான் இப்போது பழக்கிக்கொண்டது இதுதான். பனி நின்ற பிறகு, என் தெரு அள்ளி முடியும் வரை, ஒரு நாளைக்கு இரண்டு தடவை காரைப் போய்ப் பார்ப்பேன்: மாலை வேலையால் வந்ததும் ஒருமுறை, காலையில் புறப்படுமுன் ஒருமுறை. பின்னேரம் பலகை இல்லாத இடத்தில் விட்டிருப்பீர்கள், அதன் பிறகு வந்து குத்திவிட்டுப் போயிருப்பார்கள். ‘நான் விடும்போது பலகை இல்லை’ என்று சொல்லித் தப்ப முடியாது. தெருவின் இரண்டு பக்கத்தையும் பெரும்பாலும் வேறு வேறு நேரத்தில் அள்ளுவார்கள். எதிர்ப்பக்கத்தில் பலகை இல்லாவிட்டால் அங்கே மாற்றலாம், ஆனால் அங்கே இருக்கும் நிரந்தரப் பலகையையும் படித்துவிட்டு.

நிரந்தரப் பலகைகள் தனிக் கலை. ஒரே கம்பத்தில் மூன்று நான்கு தொங்கும். மேலிருந்து கீழே எல்லாவற்றையும் படியுங்கள், ஒன்றாவது தடுத்தால் அங்கே விட முடியாது. அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கத்துக்குத்தான் அந்த விதி. சிலவற்றில் டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை என்று மாதக் கணக்கு இருக்கும், அது குளிர்காலத்துக்கு மட்டும். கிழமைகள் பிரெஞ்சில் சுருக்கி எழுதப்பட்டிருக்கும். லண்டி திங்கள், மார்டி செவ்வாய், மெர்க்ரெடி புதன், ஜெடி வியாழன், வோன்ட்ரெடி வெள்ளி. இதில் ‘மார்’ (MAR) என்ற மூன்றெழுத்துத்தான் கண்ணி. ஆங்கிலம் படித்த கண்ணுக்கு அது மார்ச் மாதம் போலத் தெரியும். இல்லை, செவ்வாய்க்கிழமை.

வருடக் காசு கட்டி வாங்கிய குடியிருப்போர் பார்க்கிங் ஸ்டிக்கர் இருக்கிறதே என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். செம்மஞ்சள் பலகைக்கு முன்னால் அந்த ஸ்டிக்கர் செல்லாது.

நகரத்தின் ‘இன்ஃபோ-நேஜ்’ செயலியைக் கைபேசியில் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் தெருவின் இரண்டு பக்கத்துக்கும் எப்போது திட்டம், இப்போது நடக்கிறதா, முடிந்துவிட்டதா என்று காட்டும். நேரம் மாறினால் அறிவிப்பும் வரும். அள்ளுகிற இரவுகளில் இலவசமாகக் கார் விடக்கூடிய தரிப்பிடங்களையும் நகரம் ஒதுக்கும், அவற்றின் இடங்களும் அங்கேயே கிடைக்கும். வெள்ளனப் போனால்தான் இடம் இருக்கும், காலையில் குறித்த நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். ஆனால் ஒன்று: செயலி ஒன்று சொல்லி, தெருவில் நிற்கும் பலகை வேறொன்று சொன்னால், பலகைதான் சட்டம்.

ரொறன்ரோவில் கலியாணம், பஸ்ஸில் போய் ஒரு கிழமை நிற்கப் போகிறீர்கள் என்றால் காரை வீதியில் விட்டுவிட்டுப் போகவே வேண்டாம். டிரைவ்வே உள்ள நண்பர் வீட்டில் விடுங்கள், அல்லது நம்பிக்கையான ஒருவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

காரைக் காணவில்லை என்றால்

களவு போய்விட்டது என்று உடனே பொலிஸுக்கு அடிக்காதீர்கள். தெரு துப்புரவாகக் கிடந்தால் பதில் உங்கள் காலடியிலேயே இருக்கிறது. இழுவை வண்டி காரைத் தூரத்து யார்டுக்குக் கொண்டுபோவது இல்லை, பெரும்பாலும் ஏற்கெனவே அள்ளி முடித்த பக்கத்துத் தெரு ஒன்றில் விட்டிருக்கும். நகரத்தின் ‘இன்ஃபோ-ரெமோர்காஜ்’ பக்கத்தில் கார் இலக்கத் தகட்டின் எண்ணைப் போட்டால் எங்கே என்று காட்டும். முடியாவிட்டால் நகரத்தின் தகவல் எண்ணான 311க்கு அழையுங்கள், ஆங்கிலத்திலும் பேசலாம். நான் இது எதுவும் தெரியாமல் மைனஸ் 20இல் நான்கு தெரு நடந்து தேடினேன். ஒரே நிறத்தில் வெள்ளை மூடிய கார்கள், ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி இலக்கம் பார்த்து.

கண்டுபிடித்ததும் அங்கே அப்படியே விட்டுவிடாதீர்கள். அந்தத் தெருவுக்கு அதன் விதி இருக்கும், இரண்டாவது அபராத டிக்கற் வரலாம். கண்ணாடியில் செருகியிருக்கும் முதலாவது டிக்கற்றுக்கு 30 நாளுக்குள் காசு கட்ட வேண்டும், அல்லது குற்றமில்லை என்று பதில் அனுப்ப வேண்டும். பலகை பனிக்குள் புதைந்திருந்தது, அல்லது விழுந்து கிடந்தது என்றால் அன்றைக்கே படம் எடுத்து வைத்திருங்கள். பிறகு நினைவில் இருந்து சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

வாசல், படி, பனியை எறியும் இடம்

மொன்றியலில் பொது நடைபாதையை நகரம்தான் துப்புரவாக்கும், வீட்டுக்காரர் இல்லை. வேறு நகரங்களில் இருந்து வருபவர்களுக்கு இது நிம்மதி. உங்கள் பொறுப்பு, நடைபாதையில் இருந்து கதவு வரையான வழி, படிகள், பல்கனி, அவசர வழி. அள்ளியதை உங்கள் காணிக்குள்ளேயே குவியுங்கள். வீதியிலோ நடைபாதையிலோ கொண்டுபோய்ப் போட்டால் அபராதம் வரலாம். தீயணைப்புக் குழாயைப் புதைத்துவிடாதீர்கள். டிசம்பரிலேயே குவியலைத் தள்ளி வைத்துத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் பெப்ரவரியில் எறிய இடம் இல்லாமல் முழிப்பீர்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள் ஒப்பந்தத்தைப் பாருங்கள். பொதுப் படியும் பொது வழியும் பொதுவாக வீட்டுச் சொந்தக்காரர் பாடு, உங்களுக்கு மட்டுமான பல்கனி உங்கள் பாடு. மொன்றியலின் பழைய வீடுகளில் இரண்டாம் மாடிக்கு ஏறுகிற வளைந்த இரும்புப் படி வீட்டுக்கு வெளியே இருக்கும். படம் எடுக்க அழகு, ஜனவரியில் இறங்கிப் பாருங்கள் தெரியும். பனி புதுசாக இருக்கும்போதே கூட்டிவிடுங்கள். ஒருதரம் மிதித்து இறுகிவிட்டால் ஐஸ். உப்பு தூவலாம், கடும் குளிரில் மணலோ கற்பொடியோதான். சில பரோக்களில் இதை இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

சவலைப் பிடிக்குமுன், காரைக் கிளப்புமுன்

2017இல் வெளியான கியூபெக் ஆய்வு ஒன்று, பெரும் பனிக்கு மறுநாள் ஆண்களில் மாரடைப்பு கூடுவதாகக் கண்டது. சவல் பிடிப்பதுதான் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். சீனி வியாதியும் இதய வியாதியும் நம்மவர்களிடம் கூட என்பது தெரிந்த விஷயம். நாற்பது கடந்தவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நேரே சவலோடு இறங்காதீர்கள். தூக்கி எறிவதைவிடத் தள்ளுங்கள். 30 சென்ரிமீற்றர் விழும் என்று சொன்னால் கடைசி வரை காத்திருக்காமல் மூன்று தடவையாக அள்ளுங்கள். நெஞ்சு இறுகினால், இன்னும் கொஞ்சம்தானே என்று நிற்காமல், உள்ளே வந்து அவசர எண் 911ஐ அழையுங்கள்.

காரில் முதலில் துப்புரவாக்க வேண்டியது கண்ணாடி அல்ல, பின்னால் உள்ள புகைக்குழாய். அது பனியால் அடைபட்டிருக்க, பிள்ளைகளைச் சூட்டுக்காக உள்ளே இருத்தி என்ஜினை ஓட விட்டால், கார்பன் மோனொக்சைட் உள்ளே நிறையும். மணமும் இருக்காது. குழாய் திறந்த பிறகுதான் ஸ்டார்ட். அப்புறம் கூரை, கண்ணாடிகள், விளக்குகள், இலக்கத் தகடு. முன்கண்ணாடியில் ஒரு சின்ன ஓட்டை சுரண்டி அதால் எட்டிப் பார்த்து ஓட்டுவதும், கூரைப் பனி பின்னால் வருபவர் மேல் பறக்க விடுவதும் சட்டப்படி குற்றம். உறைந்த கண்ணாடியில் சுடுதண்ணீர் ஊற்ற வேண்டாம், வெடித்துவிடும். ஊரில் செய்யாத வேலை, இங்கே வந்த முதல் மாதத்தில் எல்லோருக்கும் இந்த யோசனை வரும்.

வீதியோரப் பனிமேட்டில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். குகை தோண்டுவது அவர்களுக்குப் பெரிய சந்தோஷம். தள்ளும் வண்டிக்காரருக்கு உள்ளே பிள்ளை இருப்பது தெரியாது. கனடாவில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. விளையாட்டு வீட்டின் பின்வளவில், அல்லது பூங்காவில்.

மார்ச் முடிந்து

மார்ச் 15 வந்தவுடன் டயரைக் கழற்ற ஓடாதீர்கள், ஏப்ரலில் பனி விழுந்த வருடங்கள் நிறைய உண்டு. லொறிகள் ஏற்றிப் போன பனியில் பெரும் பங்கு சென்-மிஷேலில் உள்ள பழைய பிரான்கோன் கற்குழியில் மலையாகக் கிடக்கும். மண்ணும் உப்பும் கலந்து கறுத்து, கோடையிலும் கரைந்து தீராமல் நிற்கும். செம்மஞ்சள் பலகைகள் மறைந்ததும் பார்க்கிங் தொல்லை விட்டது என்று நினைக்க வேண்டாம். ஏப்ரல் 1 முதல் தெருக் கூட்டும் வண்டிகளுக்கான தடை தொடங்கும். அதே கம்பம், இன்னொரு பலகை. உங்கள் தெருவில் அது எந்தக் கிழமை என்று மார்ச் கடைசியிலேயே போய்ப் படித்து வையுங்கள்.